இரும்பின் மேல் மீசை

அரபு அமீரகத்தின் புஜைராக் கரையோரம், மலைக்கும் கடலுக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் இடத்தில், அம்மையப்பனுக்குத் தெரியாமல் ஒரு கையுறைகூட வெளியே போகாது. கம்பெனியின் சேஃப்டி ஸ்டோர் அவர் பொறுப்பு. ஹெல்மெட், பூட்ஸ், இடுப்புக் கயிறு, புகைக்குள் நுழைகிறவன் மாட்டிக்கொள்ளும் மூச்சு மாஸ்க் எல்லாமே அவர் கையைத் தொட்டுத்தான் அடுத்தவன் கைக்குப் போகும். கமுதிப் பக்கத்து மனிதர். கீழ்த்தட்டில் இருப்பதை எடுக்க முழங்காலை மடக்குவாரே தவிர முதுகை வளைக்கமாட்டார். மேலாளர் வந்தாலும் அப்படித்தான், மந்திரி வந்தாலும் அப்படித்தான்.

அவருடைய மீசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலுதட்டில் புறப்பட்டுக் கன்னத்தில் ஏறிக் காதோரக் கிருதாவில் போய்ச் சேரும் மீசை. அவர் தகப்பனாருக்கும் அதேதான். அதே கம்பெனியில் மீட்புக் குழுவுக்குத் தலைவனாக இருந்த மகன் வீரபாண்டிக்கும் அதேதான், என்ன, மகனுடையது கருகருவென்று இருக்கும். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பன் கண்ணை மூடினால்தான் மகன் முகத்தில் கத்தி படும். தகப்பன் உயிரோடிருக்க மீசையை எடுத்தவனை ஊரில் யாரும் நேராகத் திட்டமாட்டார்கள். "என்னப்பா, அப்பா தவறிட்டாகளா?" என்று துக்கம் விசாரிப்பார்கள். அதைவிட வசவு வேறு வேண்டாம்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் அந்த வழக்கத்துக்குச் சோதனை வந்தது. டங்கன் என்று புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். வந்ததும், மீட்புக் குழுவில் இருக்கிற ஒவ்வொருவனும் மாஸ்க் சோதனையில் தேற வேண்டும் என்றார். சோதனை எளிமையானது. மாஸ்கை மாட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தலையை நீட்டி நிற்க வேண்டும். உள்ளே வாழைப்பழ வாசனை வீசும் எண்ணெயை வைப்பார்கள். வாசனை மூக்கில் ஏறினால் கையைத் தூக்கிவிட வேண்டும். வாசனை புகுந்தால் விஷவாயுவும் புகும். அவ்வளவுதான் கணக்கு.

வீரபாண்டி உள்ளே போன வேகத்தில் கையைத் தூக்கினான்.

"மாஸ்கோட ரப்பர் கன்னத்துல ஒட்டணும். உள்ளுக்குள்ள இருக்குற சின்னக் கிண்ணம் வாயைச் சுத்தி ஒட்டணும். ரெண்டுக்கும் நடுவுல உங்க மீசை நிக்குது" என்று டங்கன் இங்கிலீஷில் சொன்னதைக் கிளினிக் நர்ஸ் யேசுதாசன் தமிழில் சொன்னார். குளச்சல்காரர். அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு சிரிப்பு உண்டு. "மீச இருக்கட்டும், வாழப்பழம் வராம இருந்தா போதும்னு சொல்லுதாரு அண்ணாச்சி."

அம்மையப்பன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அன்று மாலையே விளக்கெண்ணெயையும் தேன்மெழுகையும் காய்ச்சிக் குழைத்து, மகனுடைய மீசையையும் கிருதாவையும் கன்னத்தோடு கன்னமாகப் படிய வைத்துப் பூசினார். சுவரில் சுண்ணாம்பு பூசுகிற கவனம். மீசை பளபளவென்று தோலில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் வீரபாண்டி மாஸ்கை மாட்டி உள்ளே நின்றான். டங்கன் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கை எழவில்லை. அம்மையப்பனின் மார்பு நிமிர்ந்தது. பிறகு கை மெல்ல எழுந்தது.

"மீசையா அது? வாழைத்தோப்பு!" என்றார் வேலுச்சாமி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வேலுச்சாமி அவருக்குப் பங்காளி. ஒரே ஊர், ஒரே தெரு. ஊருக்குச் சேதி கொண்டுபோவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இங்கே தும்மினால் அங்கே சளி பிடித்துவிட்டது என்று போய்ச் சேரும்.

டங்கன் முகத்தில் கேலி இல்லை. மே மாதம் துறைமுகத்தில் எல்லாக் கம்பெனிகளுக்கும் மீட்புப் போட்டி வருகிறது, அதற்குள் சோதனையில் தேறவில்லை என்றால் குழுவை வேறொருவன் நடத்துவான் என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமாகத்தான் சொன்னார். அதுதான் அம்மையப்பனுக்கு அதிகம் வலித்தது. அநியாயக்காரனோடு சண்டை போடலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் உட்கார்ந்தபோது வேலுச்சாமி தட்டோடு எதிரே வந்து அமர்ந்தார்.

"ஏண்டா தம்பி, வாசனை வந்தா வந்துட்டுப் போகுது. கையைத் தூக்காம நின்னுருந்தா அவனுக்கு எப்புடித் தெரியும்? உன் மூக்கு அவன்கிட்டயா இருக்கு?"

அம்மையப்பன் சொன்னார்: "பொய் சொல்லி வாங்குற பேரை எங்க வீட்ல எந்தச் சுவத்துல மாட்டுறது, வேலுச்சாமி?"

"சரிப்பா, பொய் வேணாம். அப்ப எடுத்துற வேண்டியதுதான். அப்பன் குத்துக்கல்லாட்டம் சோறு தின்னுக்கிட்டு இருக்கான், மகன் மொழுமொழுன்னு எதுக்க நிக்கிறான்னு நான் ஊர்ல சொல்லிக்கிறேன். கருமாதிக்கு யாரு யாரு வரணும்னு மட்டும் சொல்லிரு."

வீரபாண்டி எழுந்துவிட்டான். தகப்பன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "நான் டீம்ல இருந்து வெளிய வந்துர்றேன்யா. எனக்கு மீசையும் வேணும், நீங்களும் வேணும். வேலை எதுவா இருந்தா என்ன" என்றான்.

அம்மையப்பன் தட்டைத் தள்ளி வைத்தார். புகைக்குள் முதல் ஆளாக நுழைகிறவன் என்று பெயரெடுத்த பிள்ளை, வெளியே நின்று கயிறு பிடிப்பதா? முகத்தைக் காப்பாற்றப் போய் முதுகைக் காட்டின குடும்பம் என்று ஆகாதா? மீசையை எடுத்தாலும் தலைகுனிவு, எடுக்காவிட்டாலும் தலைகுனிவு. இரண்டு பக்கமும் வரப்பு இடிந்த வயல் போல நின்றார் மனிதர்.

அந்த நேரத்தில்தான் மொரிட்டாவின் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. மொரிட்டா, புதுத் தொட்டிகள் கட்டும் ஜப்பான் ஒப்பந்தக்காரர்களின் தலைவர். பெட்டியிலிருந்து ஒரு பழைய பொருளை எடுத்து வைக்க வேண்டும், மெல்லிய பருத்திக் கையுறை ஸ்டோரில் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். அம்மையப்பன் கையுறைகளோடு போனார். மொழிக்காக யேசுதாசனையும் கூட்டிக்கொண்டார்.

மேசைமேல் ஒரு பழைய மரப்பெட்டி திறந்திருந்தது. மொரிட்டா உள்ளிருந்து பட்டுத்துணியை விலக்கித் தூக்கியதைப் பார்த்ததும் அம்மையப்பன் தம்மை அறியாமல் செருப்பைக் கழற்றினார்.

சாமுராய்ப் போர்வீரனின் தலைக்கவசம். குறுகலான இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று சேர்த்து ஆணி அடித்து, பூசணியின் வரிகளைப் போல உச்சியில் கொண்டுபோய்க் கூட்டியிருந்தார்கள். பின்கழுத்தைக் காக்கக் கரும்பலகைகள் அடுக்கடுக்காக விரிந்து தொங்கின. அவற்றை நீலப் பட்டுக்கயிறு வரிசை வரிசையாகக் கோத்திருந்தது. நெற்றிமேல் பித்தளைப் பிறை ஒன்று.

"இந்தப் பிறையப் பாத்துட்டு டிரைவர் செய்கு முகம்மது என்ன கேட்டான் தெரியுமா? முதலாளி நோன்பு புடிக்கப் போறாரான்னு கேக்கான்" என்றார் யேசுதாசன்.

அம்மையப்பன் சிரிக்கவில்லை. மொரிட்டா அடுத்ததாக எடுத்து வைத்த பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பினால் ஒரு முகம். கண்ணுக்குக் கீழே தொடங்கி மோவாய் வரைக்கும் மூடும் முகக்கவசம். புடைத்த மூக்கு, கன்னத்தில் கோபத்தின் சுருக்கங்கள், திறந்த வாய்க்குள் வெள்ளிப் பற்கள். மேலுதட்டில் வெளுத்த முடியால் ஆன மீசை, இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு நின்றது. ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல் சாமி கடல் கடந்து வந்து மேசைமேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"எங்க குடும்பத்தது. எட்டுத் தலைமுறைக்கு முந்தியது" என்றார் மொரிட்டா இங்கிலீஷில். யேசுதாசன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். மே மாதம் ஐந்தாம் தேதி அவர்கள் நாட்டில் ஆண்பிள்ளைகளுக்காகத் தலைக்கவசத்தை வீட்டில் வைப்பார்களாம். பிள்ளைக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வைப்பது. மொரிட்டாவின் மகன் ஒசாகாவில் கல்லூரியில் படிக்கிறான். அவன் எங்கே இருந்தால் என்ன, தகப்பன் இருக்கும் இடத்தில் கவசம் வெளியே வந்தாக வேண்டும்.

அம்மையப்பன் கையுறையை மாட்டிக்கொண்டு, அனுமதி கேட்பதுபோல் மொரிட்டாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ஸ்டோருக்குத் திரும்பி வருகிற மாஸ்கைப் பார்க்கிற பழக்கம் கையை விட்டுப் போகுமா? முகக்கவசத்தைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தார். உள்ளே முழுக்கச் சிவப்பு அரக்குப் பூச்சு, குங்குமச்சிமிழின் உள்பக்கம் போல. மோவாய்க்கு அடியில் வேர்வை வழிய ஒரு சின்ன ஓட்டை. கன்னத்தின் ஓரம் முழுக்கத் தோல் உரசி உரசி மழுங்கியிருந்தது. முடி ஒன்றுகூட உள்ளே இல்லை. அத்தனையும் வெளியே.

"யேசு, கேளுப்பா. இதைப் போட்டவருக்கு மீசை உண்டா?"

யேசுதாசன் கேட்டார். மொரிட்டாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "வீட்டுல அவரு படம் வரைஞ்சு வச்சிருக்காங்களாம். முகம் கழுவின தட்டு மாதிரி இருக்குமாம். ஒரு முடி கிடையாது."

"அப்ப இந்த மீசை?"

"அது எதிரிக்குக் காட்டறதுக்காக்கும். உள்ள இருக்குற முகத்த எதிரி பாக்கப் போறானான்னு கேக்காரு." யேசுதாசன் மேலும் கேட்டுக்கொண்டு தொடர்ந்தார். "இன்னொண்ணும் சொல்லுதாரு. இந்த இரும்புத் தொப்பிக்குள்ள வெக்கை தாங்காதாம். அதனால உச்சந்தலைய மழிச்சுக்கிடுவாங்களாம். பையன் வயசுக்கு வந்தா முன்முடிய எடுக்கறது ஒரு சடங்கு. பெரியவர் ஒருத்தர் பக்கத்துல நின்னு நடத்தி வைப்பாராம்."

அம்மையப்பன் முகக்கவசத்தை மெல்லப் பட்டுத்துணிமேல் வைத்தார். "சாவுக்கு இல்லையா?"

யேசுதாசன் அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். மொரிட்டா தலையை ஆட்டினார். அவருடைய பதில் ஒரே சொல். யேசுதாசனும் அதை ஒரே சொல்லாகத்தான் சொன்னார்.

"போருக்கு."

வெளியே வெயில் தார்ச்சாலையில் நீர்போல் நெளிந்தது. ஸ்டோருக்குத் திரும்பும் வழியில் அம்மையப்பன் யோசித்துக்கொண்டே நடந்தார். யேசுதாசன் இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஜப்பான்காரன் வழக்கம் ஜப்பான்காரனுக்கு. அதைக் கடன் வாங்கி வந்து நம் வீட்டில் நடத்த அம்மையப்பனுக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சடங்கில் பக்கத்தில் நிற்கிற பெரியவர் மட்டும் அவர் மனதை விட்டு அகலவில்லை. நம் பக்கத்தில் மீசையை எடுக்கும்போது பக்கத்தில் நிற்பதற்குத் தகப்பன் இல்லை. இல்லை என்பதனால்தானே அது துக்கம்? அப்படியென்றால், இருந்தால்?

ஸ்டோர் வாசலை எட்டியபோது அவர் நடை மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை பகலில், கேம்ப் முழுக்கச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்த நேரத்தில், மெஸ்ஸின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டார் அம்மையப்பன். மகனை அதில் உட்காரச் சொன்னார். தோளில் புதுத் துண்டு. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு, சோப்பு, மடிப்புக்கத்தி. தட்டு ஓசைகள் அடங்கின. பஞ்சாபி வெல்டர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலுச்சாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

"என்னப்பா கூத்து இது? மீசையை எடுக்கிறதே தப்பு. அதுவும் நீயா? கத்தி பிடிச்சு அடுத்தவன் முகத்தை வழிக்கிற கையா இது?"

"அடுத்தவன் இல்ல வேலுச்சாமி. என் மகன்."

"அப்பன் இருக்கையில..."

"அதைத்தான்டா நானும் சொல்றேன். அப்பன் இருக்கேன்!" அம்மையப்பன் குரலை உயர்த்தினார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேம்ப் அவருடைய உரத்த குரலைக் கேட்டதில்லை. "அப்பன் இல்லாதவன் மீசையை ஊரான் எடுப்பான். என் மகன் மீசையை நான் எடுக்கிறேன். என் கையால எடுக்கிறேன். இதைப் பாத்தவன் எவனாவது அம்மையப்பன் செத்துட்டான்னு சொல்லுவானா? சொல்றவன் இப்பவே என் எதுக்க வந்து சொல்லட்டும். செத்தவன் கை என்ன செய்யும்னு காட்டுறேன்."

ஒருவரும் வரவில்லை. யேசுதாசன் மட்டும் பின்னாலிருந்து, "சாட்சிக்கு நான் உண்டு அண்ணாச்சி. காலையிலதான் உமக்குப் பிரஷர் பாத்தேன், குதிரை மாதிரி இருக்கீரு" என்றார். மெஸ் முழுக்கச் சிரித்தது. வேலுச்சாமிக்குக்கூட வாய் கோணிவிட்டது.

வீரபாண்டி தகப்பனின் முகத்தைப் பார்த்தான். "அய்யா, உங்களுக்குச் சம்மதம்தானே?"

"நிமிந்து உக்காரு" என்றார் அம்மையப்பன்.

கத்தி இறங்கியது. வலது கிருதா, இடது கிருதா, பிறகு மேலுதடு. வெட்டு விழவில்லை. மீசைக்கு அடியில் வெயில் படாத இடம் வெளுப்பாக, பிள்ளைமுகமாக வெளியே வந்தது. அம்மையப்பன் சொம்புத் தண்ணீரால் அந்த முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். "போடா, போய் வாழைப்பழம் மோந்துட்டு வா."

அடுத்து வந்த சோதனையில் வீரபாண்டி கூடாரத்துக்குள் நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. கடைசியில் டங்கனே அவன் தோளைத் தொட்டு வெளியே அழைக்க வேண்டியதாயிற்று.

போட்டி நாளில் துறைமுக மைதானத்தில் ஒரு பழைய தொட்டியை நிறுத்தி, உள்ளே எண்ணெய்க் கந்தலைக் கொளுத்திக் கரும்புகையை நிரப்பியிருந்தார்கள். மேலே ஏறி, ஆள் நுழையும் வாய் வழியாக இறங்கி, உள்ளே கிடக்கும் கனத்த பொம்மை மனிதனைத் தேடிக் கயிற்றில் கட்டி மேலே கொண்டுவர வேண்டும். தீயணைப்புத் துறையின் அரபு அதிகாரி நடுவர். கொட்டகையில் எல்லாக் கம்பெனி ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். மொரிட்டா முன்வரிசையில் இருந்தார்.

குழு கிளம்பும் முன் அம்மையப்பன் மகனுடைய மாஸ்கைக் கையில் வாங்கினார். சட்டைப்பையிலிருந்து கறுப்பு டேப் சுருளை எடுத்தார். கண்ணாடியைத் தொடாமல், மூச்சு வெளியேறும் வழியை மறைக்காமல், மூக்குக்குக் கீழே ரப்பரின் வெளிப்புறத்தில் இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஒட்டினார். நுனி கன்னத்தில் ஏறியது. கன்னத்திலிருந்து காதுப் பக்கம் போயிற்று.

டங்கன் வந்து மாஸ்கை வாங்கிப் பார்த்தார். வால்வைப் பார்த்தார், வாரைப் பார்த்தார், விரலால் ஓரத்தைத் தடவினார். பிறகு ஏதோ சொன்னார்.

"வெளிய என்ன வேணும்னாலும் வளத்துக்கிடுங்க, உள்ளதான் கூடாதுன்னு சொல்லுதாரு" என்றார் யேசுதாசன்.

முன்னால் போன குழுக்களில் ஒன்று பொம்மையைக் கண்டுபிடிக்காமலே ஏறி வந்தது. இன்னொரு குழுவின் தலைவன் மாஸ்கைக் கழற்றி எறிந்துவிட்டு இருமிக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தான். வீரபாண்டியின் குழு கடைசி. அவர்கள் இறங்கிய சமயம் கடற்காற்று திரும்பிவிட்டது. மேலே போய்க்கொண்டிருந்த புகை தொட்டியின் வாயிலேயே சுருண்டு நின்றது. கயிறு பிடித்தவர்களைக்கூடப் பார்க்க முடியவில்லை. அம்மையப்பன் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னவர்களை அவர் காதில் வாங்கவில்லை.

முதலில் கயிறு துடித்தது. பிறகு பொம்மையின் கால் தெரிந்தது, இடுப்பு தெரிந்தது. கயிறு பிடித்தவர்கள் அதை இழுத்து மேலே போட்டார்கள். கூட்டாளிகள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், கரும்புகையைக் கிழித்துக்கொண்டு ஒரு முகம் மேலே எழும்பியது. மின்னும் கண்ணாடி, அதற்குக் கீழே கன்னம் ஏறிக் காதைத் தொடும் கறுத்த மீசை.

கொட்டகை வெடித்தது. விசில் பறந்தது. எந்தக் கம்பெனி ஆள், எந்த நாட்டு ஆள் என்ற வித்தியாசமில்லை. "மூச்வாலா! மூச்வாலா!" என்று பஞ்சாபிகள் தங்கள் பாஷையில் மீசைக்காரனைக் கூவி அழைத்தார்கள். வேலுச்சாமி நாற்காலிமேல் ஏறி நின்று, "எங்க வீட்டுப் பையன்டா! பங்காளி மகன்டா!" என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத எகிப்துக்காரரைப் பிடித்து உலுக்கினார்.

மொரிட்டா எழுந்து அம்மையப்பனிடம் வந்தார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி, இடுப்புவரை குனிந்து வணங்கினார். அம்மையப்பன் நெட்டுக்குத்தாக நின்று, நெஞ்சுக்கு நேரே கைகூப்பினார். இருவருக்கும் அவரவர் மரியாதை.

முடிவு சொல்ல நடுவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். வீரபாண்டியின் குழுவுக்கே முதலிடம். அவன் மாஸ்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேடையேறினான். வேர்வையில் நனைந்த அந்த மழித்த முகத்தைப் பார்த்து நடுவர் பெயர் கேட்டார். அரபு வழக்கப்படித் தகப்பன் பெயரையும் கேட்டார்.

"வீரபாண்டி. அம்மையப்பன் மகன்."

"தகப்பனார் இருக்கிறாரா?" என்று நல்ல மனதோடுதான் கேட்டார் அந்த மனிதர்.

வீரபாண்டி ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தான். "இருக்காரு! அந்தா நிக்கிறாரு!" என்று தமிழிலேயே சொல்லிக் கையை நீட்டினான். துறைமுகம் முழுக்கக் கேட்டது.

ஆயிரம் தலைகள் ஒரே சமயத்தில் திரும்பின. அம்மையப்பன் கொட்டகையின் நடுவில் நின்றபடி, வெளுத்த மீசையின் இரண்டு நுனியையும் நிதானமாக முறுக்கி மேலே ஏற்றினார். பிறகு மேடையை நோக்கி நடந்தார். வழி தானாகத் திறந்தது.